எங்கள் சேர்வரை நோர்வே வெட்டிய கதை

முதலில் நான் நம்பியிருந்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கூட்டமைப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு தலைவர் இருப்பார் என்று நம்பினேன்.

முழுப் பிழையும் என்மேல் இல்லை. பாரிசில் எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பிறந்துவிடும். ஊருக்கு ஒன்று, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, அந்தப் பள்ளிக்கூடச் சங்கத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களுக்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் முத்திரை. ஆகவே சனம் படம் போட்டுக் கதைக்கும் தனித்தனிச் சேர்வர்கள் கைகோத்து இயங்கும் கூட்டமைப்பு என்று வாசித்தபோது, ஜேர்மனியில் எங்கோ ஒரு கட்டடம், மேல்மாடியில் கோட் போட்ட தலைவர், கீழே வரவேற்பறையில் ஒரு பூச்சாடி என்று எனக்குள் ஒரு படமே ஓடிவிட்டது.

லா சப்பலில், பிலிப்-து-ஜிரார் தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை. உடைந்த போன் கண்ணாடி மாற்றுவது, சார்ஜ் ஏறாததை ஏற வைப்பது. கொரோனா அடைப்பு முடிந்த காலத்தில், பெரிய தளங்களில் தங்கள் கணக்கு காரணமில்லாமல் மூடப்பட்டதாகப் புலம்பிக்கொண்டு சிலர் வந்தார்கள். "நாங்களே ஒண்டு வைச்சா என்ன?" என்று வாயைக் கொடுத்தேன். பழைய கணினி ஒன்றைப் பின்னறையில் உதிரிப்பாகப் பெட்டிகளுக்கு மேலே ஏற்றி, விளக்கக் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒருவழியாகச் சேர்வரை நிறுவினேன்.

மனைவி வந்து பார்த்தாள். "என்னப்பா, இருக்கிற கடையையே நேரத்துக்குத் திறக்கிறேல்லை. இதுக்குள்ள சனம் கதைக்கிறதுக்கும் ஒரு கடையோ?"

விஷயம் எளிமையானதுதான். எங்கள் சேர்வரில் இருக்கும் ஒருவர், நோர்வேயில் வேறொருவர் நடத்தும் சேர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். அங்கே போடுவது இங்கே வரும், இங்கே போடுவது அங்கே போகும். யாருடைய சேர்வரோடு உறவு வைப்பது, யாரை வெட்டுவது என்பது அந்தந்தச் சேர்வர்க்காரரின் விருப்பம். இந்தக் கடைசி வரியை நான் சரியாக வாசிக்கவில்லை.

எங்கள் ஆட்கள் அதில் இலக்கியம் பேசுவார்கள், அரசியலில் அடிபடுவார்கள், நான் நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வேன் என்று கனவு கண்டேன். அவர்கள் ரோசாப்பூ போட்டார்கள். பனித்துளி விழுந்த சிவப்பு ரோசா, அதன்மேல் "இனிய காலை வணக்கம்". ஒருவர் போட்டதை மற்றவர் சேமித்து மறுநாள் அவரும் போடுவார். வேலைக்குப் போகும் ரயிலில் இருக்கை கிடைத்ததும் போடுவதால், ஏறத்தாழ எல்லாரும் ஒரே நேரத்தில். புறநகர் திரான்சியிலிருந்து ஒரு ரோசா, அடுத்த ஊர் பொபினியிலிருந்து அதே ரோசா, லா சப்பல் மெத்ரோ வாசலிலிருந்து மறுபடி அதே ரோசா. என் பராமரிப்பு வேலை என்பது பெரும்பாலும் கணினியின் சேமிப்புத் தட்டு நிறைந்துவிடாமல் பழைய ரோசாக்களைக் கூட்டித் தள்ளுவதுதான்.

ரோசா போடுகிறவர்களில் முதன்மையானவர் திரான்சி அக்கா. ஹொட்டலில் அறை துப்புரவு வேலை. சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க லா சப்பலுக்கு வந்தால் என் கடைக்கும் வருவார். அவருக்கு நோர்வேயில் ஒரு தமையன். அக்காவின் மகளுடைய கலியாண அட்டையில், தாய்மாமனான அவருடைய பெயர், அக்காவின் கணவருடைய தம்பியின் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அச்சகத்தின் பிழை என்றார் அக்கா. அச்சகத்துக்கு என்னோடு என்ன கோபம் என்றார் தமையன். கலியாணத்துக்கு அவர் வரவில்லை. தாய்மாமன் செய்யவேண்டிய சடங்கை வேறொருவர் செய்தார். அதன்பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை.

வருடங்கள் கழித்து ஒரு நாள், நோர்வேயிலுள்ள ஒரு சேர்வரிலிருந்து அந்தத் தமையன் அக்காவைப் பின்தொடரத் தொடங்கினார். ஒரு சொல் எழுதவில்லை. ஆனால் தினமும் அக்காவின் ரோசாவுக்குக் கீழே, பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளமான ஒரு நட்சத்திரம் குத்திவிட்டுப் போவார். அக்கா என் மேசையில் போனை வைத்துக் காட்டினார்.

"கதைக்கமாட்டார் தம்பி. ஆனா பாக்கிறார்."

அன்றைக்கு என் பின்னறைப் பெட்டியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திமிரே வந்தது.

பிறகு நட்சத்திரம் நின்றது.

அடுத்த சனிக்கிழமை அக்கா மரக்கறிப் பையோடு வாசலிலேயே நின்று கேட்டார். "தம்பி, உங்கட மெஷின் செத்துப்போச்சோ? அண்ணையின்ர நட்சத்திரம் வரேல்லை."

"சேவிஸ் நடக்குது அக்கா," என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாதபோது நான் சொல்லும் சொல் அது.

அக்கா போனதும் பதறத் தொடங்கினேன். மின்விசிறியைக் கழற்றித் தூசி தட்டினேன். கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினேன். கணினியை அணைத்துப் போட்டேன். புதிய பதிப்பை ஏற்றினேன். அது சேர்வரையே படுக்கவைத்தது. பழைய பிரதியிலிருந்து மீட்டேன். அந்தக் களேபரத்தில் ஒரு நாள் ரோசாக்கள் எல்லாம் காணாமல் போயின. யாரும் கவனிக்கவில்லை, மறுநாளும் அதே ரோசாதானே. எவரோ எங்களை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற சந்தேகம்கூட வந்து, கடைக்குள் போனில் குசுகுசுவென்று பேசினேன். வாடிக்கையாளர்கள் தங்கள் போனுக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று பயந்துபோனார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் அக்கா வந்தார். "கார்கூட இவ்வளவு நாள் கராஜில நிக்காது தம்பி. உண்மையைச் சொல்லுங்கோ. அவர் என்னை விட்டிட்டாரோ?"

"சே, இல்லை அக்கா. சேவிஸ்."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.

அன்று பின்னேரம்தான் புத்தி வந்து நோர்வேச் சேர்வரின் அறிமுகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர்கள் வெட்டிவிட்ட சேர்வர்களின் பெயர்களுக்கிடையில் எங்கள் பெயர். பக்கத்தில் காரணம்: இயந்திரங்கள் அனுப்பும் குப்பை.

எனக்கு விளங்கியது. ஒரே படம், ஒரே வாசகம், ஒரே நேரம், இத்தனை கணக்குகள். வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் அது மனிதர்கள் செய்கிற வேலையாகத் தெரியாது. எங்கள் சனத்தை றோபோ என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

உடனே தலைவருக்கு மனு எழுதினேன். பிரெஞ்சில், விசாவுக்கு எழுதுவதுபோல மிகுந்த மரியாதையோடு. மனுவோடு கடையின் கரண்ட் பில்லையும் இணைத்தேன். இந்த நாட்டில் வந்திறங்கிய நாளிலிருந்து எதைக் கேட்டாலும் கரண்ட் பில்லின் பிரதியை இணைத்துப் பழகிய கை. அது தானாகவே இணைத்துவிடும். எங்கே அனுப்புவது என்று தெரியாததால், சேர்வர் நடத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் பொது இடத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டேன்.

முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். "இதற்குத் தலைவர் இல்லை. உங்களை வெட்டியவரிடமே கேளுங்கள். கரண்ட் பில்லைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், உங்கள் விலாசம் தெரிகிறது."

தலைவர் இல்லாத ஒரு அமைப்பு! முத்திரைகூட இல்லை. ஒரு நாள் முழுக்க அதை என்னால் நம்ப முடியவில்லை.

நோர்வேச் சேர்வரை நடத்துவது யார் என்று பார்த்தால், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், நோர்வேக்காரி. கட்டடமும் இல்லை, பூச்சாடியும் இல்லை. பள்ளி முடிந்து வந்து சமையலறை மேசையில் இருந்து பார்க்கிறார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்: இவர்கள் மனிதர்கள். ஹொட்டலில், கடையில், அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள். இன்றைக்கும் எழும்பிவிட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொல்வதற்குத்தான் அந்தப் பூ.

ஆசிரியை உடனே பதில் எழுதினார். யாரோ முறைப்பாடு செய்ததும் தானும் பதறிப்போய்ப் பொத்தானை அமத்திவிட்டதாக. அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தடையை எடுப்பதாகவும், ஆனால் தன் ஆட்களுக்கு விளங்கப்படுத்தக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றும், பூவோடு ஒரு வரியாவது சொந்தமாக எழுதச் சொல்லமுடியுமா என்றும் கேட்டார். கடைசியில் ஒரு குண்டு: வெட்டியபோது அறுந்த தொடர்புகள் திரும்ப ஒட்டாது. அவரவர் தாங்களே மறுபடி பின்தொடர வேண்டும்.

அதாவது, அட்டையில் ஒரு பெயர் கீழே போனதற்குக் கலியாணத்துக்கே வராத மனிதர், தானாகக் கைநீட்டித் தங்கையை மறுபடி தொடவேண்டும். இனிச் சேவிஸ் என்று சொல்லித் தப்பமுடியாது.

சனிக்கிழமை அக்காவை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னை மெஷின் எண்டு சொன்னவையோ?" என்றார் முதலில்.

"உங்களை மட்டுமில்லை அக்கா. எல்லாரையும்."

"விசர்ச் சனம். மெஷினுக்கு முழங்கால் நோகுமோ?"

"அதைத்தான் பூவுக்குக் கீழ எழுதச் சொல்லினம். ஒரு வரி."

அக்கா சிரிக்கவில்லை. தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "அப்ப அண்ணை வெட்டேல்லை."

"இல்லை. அவருக்கு இது தெரிஞ்சே இருக்காது."

"அவற்ர பக்கத்தில என்ன காட்டும்?"

நான் யோசித்தேன். இவ்வளவு நாளில் அதை ஒருமுறையும் யோசித்திருக்கவில்லை. "நீங்கள் ஒரேயடியா மறைஞ்சுபோன மாதிரித்தான் காட்டும்."

"ஐயோ, அப்ப நான்தான் வெட்டிப்போட்டன் எண்டெல்லோ அந்த மனிசன் நினைச்சிருக்கும்!"

அடுத்த கணம் அக்கா போனைக் காதில் வைத்திருந்தார். வருடக்கணக்கில் எடுக்காத இலக்கம், அதை அவர் தேடக்கூட இல்லை. அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. எழும்பிப் பின்னறைக்குப் போகலாமா என்று பார்த்தேன். கால் நகரவில்லை. காது அதைவிட நகரவில்லை.

"அண்ணை, நான். நான் வெட்டேல்லை அண்ணை. சத்தியமா நான் வெட்டேல்லை."

அந்தப் பக்கத்துக் கரகரத்த குரல் கடை முழுக்கக் கேட்டது. "பேந்து ஏன் பிள்ளை பூவை நிப்பாட்டினனி? உனக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு நான் இஞ்சை ஆரைக் கேக்கிறது?"

அக்கா அழுதார். அதற்குப் பிறகு அச்சகத்தைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். ஒருவர் போன் திருத்த வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, பேந்து வாறன் என்று சைகை காட்டிப் போனார். தேத்தண்ணி ஆறிவிட்டது.

ஆசிரியை சொன்னபடி சில நாட்களில் தடையை எடுத்துவிட்டார். எங்கள் ஆட்கள் இப்போது ரோசாவுக்குக் கீழே முழங்கால் நோவு, ரயில் தாமதம், வெண்டிக்காய் முற்றல் என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அதை வாசிப்பதற்கென்றே புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். இரண்டாவது தட்டு பூட்டினேன். அக்காவின் தமையன் எங்கள் சேர்வரில் யாரையும் மறுபடி பின்தொடரவில்லை. தினமும் காலையில் அக்கா வேலைக்குப் போகும் நேரத்துக்குப் போன் எடுக்கிறார்.