வெள்ளி வேலும் கொழுப்பு டப்பாவும்

எனக்கு எண்பத்தைந்து வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. நாத்தனார் போனபின் அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் சாப்பிட்டன. யார் வாசலிலும் போய் ஒரு பிடி அரிசி கேட்டதில்லை. ஊர் முன்னால் தலை குனிந்து நின்றது ஒரே ஒரு தைப்பூசத்தின்போதுதான். எனக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்குமேல் வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

என் வீட்டுக்காரர் எங்கள் தீவில் சென்ட்ர் டி ஃப்ளாக் ஊர்ப் பக்கம் ஒரு சீனி ஆலையின் பட்டறையில் இருந்தார். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த ஆலையில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், பொழுதுபோக்குக்காகச் சின்னச் சின்ன ரயில் இன்ஜின் செய்கிறவர், ஊருக்குக் கப்பல் ஏறும்போது தன் குட்டி லேத்தை, இரும்பு கடைகிற மிஷினை, இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளையைப் படுக்க வைக்கும் நீளம்கூட இல்லை அது. இவர் அதை என் தையல் மிஷினின் மிதிக்கட்டைமேல் ஏற்றிப் பூட்டினார். காலால் மிதித்தால் இரும்பு சுற்றும். ஸ்டவ்வுக்குத் திருகு, சைக்கிளுக்கு அச்சு என்று எங்கள் முன்னறையிலேயே பிழைப்பு ஓடியது.

பிறகு கோயிலிலிருந்து கேட்டார்கள். காவடி எடுக்கிறவர்கள் நாக்கில் குத்திக்கொள்ளும் சின்ன வெள்ளி வேல். முதல் வருடம் அவர் செய்த வேலைப் பார்த்து ஊரே மெச்சியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வருடமும் விரதம் தொடங்கியது. கறி சமைத்த சட்டிகளை எல்லாம் கட்டி மேலே ஏற்றினேன். வீடு கழுவினேன், பாய் கழுவினேன். அவர் குளித்து, ஈர வேட்டியோடுதான் லேத்தில் உட்காருவார். கோயில் தலைவர் மனைவி பார்க்க வந்தாள். "அக்கா, உங்க வீட்டுச் சுத்தம் கோயில்ல கூட இல்ல" என்றாள். நான் சிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக் கம்பி மெல்லியது. வளையாமல் இருக்க அதன் மறுமுனையை ஒரு இரும்புக் கூம்பு தாங்கிப் பிடிக்கும். கம்பி சுற்றச் சுற்ற அந்த முனை சூடேறிக் கீச்சிடும். அன்றும் கீச்சிட்டது. அவர் பார்க்காமலே கையை நீட்டி, பக்கத்து டப்பாவில் விரலை விட்டு, முனையில் தடவினார். சத்தம் நின்றது.

"கி எத்தே சா, அண்ணே? என்னது அது?" என்றாள் தலைவர் மனைவி.

"இதா? கொழுப்பு. ஆலையில இதான் போடுவோம்."

"என்ன கொழுப்பு?"

அவர் விரலைப் பார்த்தார். "மாட்டுக் கொழுப்பு," என்றார்.

வீடு முழுக்கக் கழுவின எனக்கு அந்த டப்பா கண்ணில் படவே இல்லை. அது சமையல் சாமான் இல்லையே, பட்டறைச் சாமான்தானே! அவருக்கும் அப்படித்தான்.

அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ போன வருஷம்? எம் மவன் நாக்குல?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "யாருக்கும் சொல்லாதீங்க அக்கா. டப்பாவ மட்டும் தூக்கிப் போடுங்க" என்றாள்.

அதுவே நல்லது என்று எனக்கும் பட்டது. அவர்தான் எழுந்துவிட்டார். "நாக்க நீட்டினவன் என் கைய நம்பித்தான நீட்டினான்?"

அன்று சாயங்காலப் பூஜையில் சாமி முன்னால் நின்று எல்லோருக்கும் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டார்கள். பின்னால் ஒரு குரல்: "அதான் போன வருஷம் மலை ஏறும்போது கால் நோவல! மாட்டு பலம்!" சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் எத்தனை விரிசல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

பூசாரி யோசித்தார். "பழைய வேல எல்லாம் உருக்கு. புதுசா செய்."

"அதே லேத்துலயா சாமி?"

"வேற எங்க இருக்கு? மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவு."

"ஐயோ, துரு ஏறிடும் சாமி!"

கடைசியில் மிதிக்கட்டைக்கு மட்டும் மஞ்சள் தண்ணீர், லேத்துக்குத் தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. நிறுத்தி நிறுத்தி, ஆற வைத்து ஆற வைத்துக் கடைந்தார். காவடி நாளன்று எல்லோர் நாக்கிலும் அந்த வேல்தான். தலைவர் மகன் நாக்கிலும் அதுதான். நான் பால் செம்போடு பின்னால் நடந்தேன். அப்படியும் என் தலை நிமிரவில்லை.

அதன்பிறகு பலகையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன, ஒன்றில் கொழுப்பு, ஒன்றில் தேங்காயெண்ணெய். ஸ்டவ் கொண்டுவருகிறவர்கள்கூட என்னைப் பார்த்து, "எந்த டப்பா, அக்கா?" என்று கேட்பார்கள். சுதந்திரக் கொடி ஏற்றின வருடமும் ஒருத்தி கேட்டாள். அவர் சிரிப்பார். எனக்குக் காது எரியும்.

எழுதினாயா? முதலிலிருந்து படி, கேட்கிறேன். எனக்காகப் பார்த்து வெறும் எண்ணெய் என்று போட்டிருந்தால் அடித்துவிடு. மாட்டுக் கொழுப்பு என்றே இருக்கட்டும். அவர் அப்படித்தான் சொன்னார். படி, அம்மா.