தெலுங்கு பேசிய ரோமாபுரி

திருப்பதியில் எம்.ஃபில். படித்தபோது என் தலையெழுத்து ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போட வேண்டியவர் என் கைடு. அவர் போட்டால் எனக்குப் பட்டம், அப்புறம் ஏதாவது காலேஜில் வேலை. போடாவிட்டால் பங்காருபாளையம். அங்கே மாந்தோப்பு வைத்திருந்த ஒரு வரனை என் அப்பா, நைனா, பார்த்து வைத்திருந்தார். எனக்கு மாம்பழம் பிடிக்கும், வரனைப் பிடிக்கவில்லை. "ஏப்ரலுக்குள்ள முடிக்கலன்னா மூட்டையைக் கட்டிக்கினு வந்துடணும்" என்பது நைனா போட்ட நிபந்தனை.

எழுபதுகளின் கடைசி அது. பழைய ரோமாபுரியைப் பின்னால் வந்தவர்கள் எப்படியெல்லாம் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது என் ஆராய்ச்சி. ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தேன். நூலகத்தில் அதைப் பற்றி நாலே புத்தகங்கள். ஒன்றில் படம் இருந்த பக்கங்களை யாரோ பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் மூன்றையும் பிழிந்து எழுதிய அத்தியாயத்தைக் கைடு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் கிருஷ்ணா நதிப் பக்கத்துத் தெலுங்கர். கோபம் வந்தால் இங்கிலீஷ், ரொம்பக் கோபம் வந்தால் தெலுங்கு. அன்றைக்குத் தெலுங்கு. ஐரோப்பிய ஓவியர்கள் ரோமாபுரிக்காரனுக்குத் தங்கள் ஊர்ச் சட்டையை மாட்டிவிட்டது உலகத்துக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரிந்த ரோமாபுரி ஏதாவது இருந்தால் கொண்டு வா, இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது என்றார்.

அப்படி ஒன்று இருந்தது. சித்தூரில் எங்கள் சர்ச் காம்பவுண்டுக்குள், வருஷத்துக்கு ஒரு நாள், கிறிஸ்துமஸ் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்.

எங்கள் சபை நாடகத்தில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி என் நைனாதான். கிரீடமும் தோளில் கட்டும் மரச் சிறகுகளும் கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஒரு தெருக்கூத்து ஜமாவிடமிருந்து வரும். கிரீடத்தின் நடுவிலிருந்த நாமம் பாஸ்டர் கண்ணை உறுத்தியதால் அதன்மேல் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளை ஒட்டுவோம். திருப்பிக் கொடுக்கும்போது பத்திரமாக உரித்துவிடுவோம். இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். அதன் பின்னால் நைனா காலைத் தரையில் அறைந்து சலங்கையைக் குலுக்குவார். திரை விலகும். அதுதான் எங்கள் ரோமாபுரி.

அந்த ரோமாபுரி தெலுங்கு பேசும். யூதர்கள் தமிழ் பேசுவார்கள். தேவதூதர்கள் பூமியில் எவரும் பேசாத ஒரு தமிழ் பேசுவார்கள். சக்கரவர்த்தி, சேவகர்கள், குடிக்கணக்கு எழுத வந்த கரணம் எல்லோரும் தெலுங்கு. கரணம் என்றால் எங்கள் பக்கத்தில் ஊர்க் கணக்கர். அவர் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, நிறைமாத மனைவியோடு வந்து நிற்கிற தச்சரைப் பார்த்து, "ஊரேதி? பேரேமி? எந்தரு பில்லலு?" என்பார். எத்தனை பிள்ளைகள் என்கிற கேள்விக்குத் தச்சர் தலையைச் சொறிவார். "கொஞ்ச நேரம் பொறுத்தீங்கன்னா கணக்கு சொல்லிடறேன் சார்" என்பார். வருஷா வருஷம் அதே பதில், அதே சிரிப்பு.

சின்ன வயசிலிருந்து பார்த்ததால் இதில் எனக்கு விசேஷமாக ஒன்றும் படவில்லை. சித்தூர் ஆந்திராவில் இருந்தது, வீட்டில் தமிழ் பேசுகிற எங்களுக்கு ஆபீஸ் என்றால் தெலுங்கு. ரோமாபுரி பெரிய ஆபீஸ். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பிள்ளைத்தாய்ச்சியை ஊர் ஊராக அலையவிட்ட கொடுங்கோலர்கள் தெலுங்கு பேசினார்கள் என்று ஒரு தெலுங்கரிடம் எழுதிக் கொடுத்து எப்படிக் கையெழுத்து வாங்குவது? கிரீடத்தை எழுதினேன், திரையை எழுதினேன், ஜிகினாத் தாளுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன். ரோமாபுரிக்காரர்கள் 'கம்பீரமான மொழியில்' பேசினார்கள் என்று ஒரு வரி போட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

கைடுக்கு அத்தியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் வினை. கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், கிறிஸ்துமஸுக்கு மனைவியோடு வருகிறேன் என்றார்.

அடுத்த பஸ்ஸில் சித்தூருக்கு ஓடினேன். "நைனா, இந்த ஒரு வருஷம் தமிழ்ல பேசிடு" என்றேன்.

"ரோமாபுரி ராஜா தமிழ்ல பேசினா எவன்மா பயப்படுவான்?"

"கைடு முன்னாடியே வந்து குந்திக்கினு இருப்பாரு நைனா. அவருக்குக் கோவம் வந்தா கையெழுத்துப் போட மாட்டாரு."

நைனா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. இருபது வருஷமாகத் தாசில்தார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் வாங்குகிற தெலுங்குத் திட்டு மட்டும் மாறவில்லை. மேடையில் அவர் போடுகிற குரல் எந்தத் தாசில்தாருடையது என்று சபை முழுக்கத் தெரியும்.

"வருஷத்துல ஒரு நாள்தாம்மா நான் தாசில்தாரு" என்றார். அப்புறம், "சரி, உனக்கோசரம்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை. பங்காருபாளையம் கண்ணெதிரில் நின்றது.

கிறிஸ்துமஸ் அன்று கைடும் அவர் மனைவியும் முன்வரிசையில், சபை கொடுத்த கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறவள். சலங்கை குலுங்கியது. திரை விலகியது. "உலகத்து ஜனங்களையெல்லாம் கணக்கு எழுதணும்" என்றார் நைனா, தமிழில். ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று சொல்வது போல இருந்தது. குடிமக்கள் நடுங்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முறுக்கு தின்பதை நிறுத்தவில்லை.

"இன்னாய்யா, ஜொரமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள். சபை சிரித்தது. தச்சரும் சிரித்தார். நைனா அடுத்த வரியை இன்னும் மெதுவாகச் சொன்னார். கிரீடம் நெற்றிக்கு இறங்கி வந்தது. அதைத் தள்ளிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தாலுகா ஆபீசில் அவர் அப்படித்தான் நிற்பார். சின்ன வயதில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. பட்டமாவது ஒன்றாவது, வருவது வரட்டும் என்று திரை இடுக்கில் வாயை வைத்து எடுத்துக் கொடுத்தேன். "ஒரேய் கரணம்! இக்கட ரா!"

நைனா திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கிரீடத்தை ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தினார். அப்புறம் வந்த தெலுங்கில் ஒரு பிள்ளை முறுக்கைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதது. கரணம் நிஜமாகவே ஓடி வந்தார். தாசில்தாரின் இருமல் வந்தது. பேனாவால் மேஜையைத் தட்டுகிற தட்டு வந்தது. குடிக்கணக்குச் சுவடி கரணத்தின் முகத்தைப் பார்த்துப் பறந்தது. நான் முன்வரிசைப் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவில்லை. நாடகம் முடிந்ததும் கைடு மனைவியை அழைத்துக்கொண்டு நேராகத் திருப்பதி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஜனவரியில் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் என் அத்தியாயம். 'கம்பீரமான மொழி' என்ற இடத்தில் சிவப்புக் கோடு. இதை ஏன் மறைத்தாய் என்று கேட்டார். தெலுங்கில் கேட்டார்.

"பயம் சார்."

அவர் சிரித்தார். என் பயம் இன்னும் அதிகமாயிற்று. பிறகு சொன்னார்: அவர் சின்ன வயதில் அவர்கள் ஊர் நாடகத்திலும் ஒரு கொடுங்கோல் ராஜா உண்டு. ராஜாவும் வரி வசூலிக்க வருகிறவனும் பேசியது தமிழ். எல்லாம் மதராஸோடு சேர்ந்திருந்த காலம், பெரிய ஆபீசர்கள் பலர் தமிழர்கள். "உன் ஆராய்ச்சி ஆரம்பிக்கிற இடத்தில் நீ கோணியைப் போட்டு மூடியிருக்கிறாய். எடுத்துவிட்டுத் திரும்ப எழுது" என்றார். நான் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டு, "உங்கள் நாயனாவை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வா. அங்கே அவர் தமிழிலேயே எல்லோரையும் நடுங்க வைக்கலாம்" என்றார்.

ஒளிக்காமல் எழுதினேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவும் தெலுங்கில்தான்.

அதை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் போனேன். நைனா அந்தக் கிறுக்கல் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். "பங்காருபாளையத்துக்கு இன்னிக்கே லெட்டர் போட்டுடறேன். மாம்பழம் கடையிலயே வாங்கித் துன்னலாம்" என்றார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, சைக்கிளை எடுத்தார். அப்போதுதான் கைடு அவர் ஊரைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன்.

நைனா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெய்யாலுமா? அங்க தமிழ்ல பேசினா பயப்படுவாங்களா?"

"அது அந்தக் காலத்துல நைனா."

அது அவர் காதில் விழவில்லை.

"அந்த ஊருக்கு இங்கேருந்து பஸ்ஸு எத்தினி மணிக்கும்மா?" என்றார்.