பந்தி முடியாத ஓட்டல்

அந்தக் காலத்து ஓட்டலைப் பத்தி யாராவது உருகிப் பேசினா எனக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வரும். ஓட்டுக்கூரையாம், தேக்குப் பெஞ்சாம், பித்தளைத் தம்ளராம், பருப்புல குளிக்கக் குளிக்க நெய்யாம். எல்லாம் இருந்துது, இல்லன்னு சொல்லல்ல. ஆனா அதைச் சொல்லுகவங்க எல்லாரும் ஆம்பளைங்க, முன்வாசல் வழியா நிமிந்து உள்ளே போனவங்க. பெண்டுகளை எங்கே இருத்தினாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அடுக்களைக்குப் பக்கத்துல, விறகு அடுக்கின மூலையில, ஓலைத் தட்டிக்குப் பின்னால.

எங்க நாஞ்சில் நாட்டுல ஓட்டல்னு ஒண்ணு வந்ததே பஸ்சு ஓட ஆரம்பிச்ச பிறகுதான். அதுக்கு முன்னால கேசு, ஆஸ்பத்திரின்னு நாகர்கோயிலுக்குப் போறவங்க கட்டுச்சோறு கொண்டு போவாங்க. இல்லன்னா சொந்தக்காரங்க வீட்டுல போய் நிப்பாங்க. காசு குடுத்துச் சோறு உண்ணுகதைக் குறைச்சலா நினைச்ச காலம். பஸ்சு வந்துது, அது நிக்கிற இடத்துல ஒரு காப்பிக்கடை வந்துது, காப்பிக்கடைக்குப் பின்னால கூரையை நீட்டி இறக்கிச் சாப்பாடும் போட ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்துக்குள்ள, ஓட்டல்ல உண்டதை ஊர்ல வந்து பெருமையாச் சொல்லிக்கிடுக அளவுக்கு ஆயிப்போச்சு. அங்கேயும் எல்லாரும் உள்ளே உக்காந்திர முடியாது. சில சாதிக்காரங்களைப் பின்வாசல்ல நிறுத்தித் தேங்காய்ச் சிரட்டையிலதான் காப்பி ஊத்துவாங்க. அதையெல்லாம் விட்டுட்டு நெய் மணத்தை மட்டும் பேசுகாங்க. நல்லா இருக்கு நியாயம்.

சரி, என் கதைக்கு வாறேன். கல்யாணத்துக்கு முன்னால நான் நாகர்கோயில்ல ரெண்டு வருஷம் தங்கி டீச்சர் டிரெயினிங் படிச்சவ. கல்யாணம் ஆகிப் பூதப்பாண்டிப் பக்கம் போன பிறகு, அந்தப் படிப்பு வண்ணானுக்குக் கணக்கு எழுத மட்டும்தான் உதவிச்சு. அப்படி நாலு வருஷம் போச்சு. பிறகு ஒரு நாள் நாகர்கோயில்ல ஒரு பெண்பள்ளிக்கூடத்துல இருந்து காயிதம் வந்துது. ஒரு டீச்சர் வேலை காலி இருக்கு, குறிச்ச நாள்ல பகல் ரெண்டு மணிக்குள்ள நேர்ல வரணும், பிந்தி வாறவங்களைப் பார்க்க மாட்டோம்னு எழுதியிருந்தாங்க. மாமியார் மூணு நாள் எனக்கு முகம் குடுக்கல்ல. நாலாம் நாள், போகட்டும், ஆனா ஒரே ஒரு தடவைதான், கிடைக்கல்லன்னா இந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. துணைக்கு வீட்டுக்காரர் வாறதாத் தீர்மானம் ஆச்சு.

அவரு நல்ல மனுஷன். எனக்கு வந்த வினையே அதுதான். வயல் உண்டு அவரு உண்டுன்னு இருப்பாரு. ஆனா கல்யாண வீட்டுல பந்தின்னு உக்காந்துட்டா அவரை மாதிரி மரியாதை பார்க்க ஆளு கிடையாது. வரிசையில கடைசி ஆளு மோரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. எழும்பினா, உண்டுட்டு இருக்கவங்களை அவமானப்படுத்தின மாதிரி. எங்க பக்கத்துல எல்லாரும் இப்படித்தான். இவரு ஒரு படி மேல.

அன்னைக்குப் பஸ்சு நாகர்கோயில் வந்து சேந்தப்ப மணி பன்னிரண்டு ஆகல்ல. நேரா பள்ளிக்கூடத்துக்குப் போவோம்னு நான் சொன்னேன். வெறும் வயித்தோட போய் நின்னா தலை சுத்தும்னு அவரு சொன்னாரு. தலைசுத்தல் எல்லாம் சாக்கு. அவரு அதுவரைக்கும் ஓட்டல்ல உண்டதில்ல, அந்த ஆசைதான். போய்த் தொலையட்டும், நேரம் கிடக்கேன்னு நானும் சம்மதிச்சேன். அவரு உள்ளே பெஞ்சுல போய் உக்காந்தாரு. என்னைத் தட்டிக்குப் பின்னால தள்ளிவிட்டாங்க.

தட்டியில ஒரு கிழிசல் இருந்துது. அது வழியாப் பார்த்தா அவரு இருந்த வரிசை முழுக்கத் தெரியும். சுவரை ஒட்டி ஒரே நீளப் பெஞ்சு, பத்துப் பன்னிரண்டு இலை. பருப்பு வந்துது, சாம்பாரு வந்துது, புளிசேரி, ரசம், மோரு எல்லாம் வந்துது. அவரு உண்டு முடிச்சாரு. அப்பாடான்னு நான் சர்ட்டிபிகேட் பையை எடுத்து மடியில வெச்சேன். அவரு எழும்பல்ல.

இடது பக்கத்து ஆளு எழும்பினாரு. அந்த இடத்துல கோர்ட்டுக்கு வந்த ஒருத்தரு வந்து உக்காந்தாரு. வலது பக்கம் ஒரு மாட்டு வியாபாரி வந்தாரு. ஒரு ஆளு மோருக்கு வரும்போது இன்னொரு ஆளு பருப்புக்கு வாறாரு. எங்க வீட்டுக்காரரு வரிசையை அந்தத் தலையில இருந்து இந்தத் தலை வரைக்கும் பார்க்காரு, எச்சில் கையை இலை மேல வெச்சுக்கிட்டு இருக்காரு. இலை மடங்கலையேன்னு விளம்புகவன் திரும்பவும் சோத்தைத் தட்டுகான். கல்லாவுல இருந்த முதலாளி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்காரு. வெளியே மணிமேடைக் கடிகாரத்துல மணி ஒண்ணு அடிச்சுது.

எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு. இந்த மனுஷன் பந்தி முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்காரு! ஓட்டல்ல பந்தி எப்படி முடியும்? ராத்திரி கதவை அடைச்சாத்தான் முடியும். விளம்புகவனைக் கூப்பிட்டு, நேரமாச்சு, எழும்பச் சொல்லுன்னு சொல்லி அனுப்பினேன். அவன் போனான், குனிஞ்சு பேசினான், சிரிப்பை அடக்கிக்கிட்டு வந்தான்.

“பந்தி இன்னும் முடியல்லையாம்மா. பக்கத்துல உள்ளவரு இப்பத்தான் நெய் ஊத்தியிருக்காராம்.”

தலையில அடிச்சுக்கிட்டேன். ரெண்டு தடவை, மூணு தடவை ஆள் விட்டேன். ஒவ்வொரு தடவையும், இதோ இந்த ஆளு முடிச்சிரட்டும்னே பதில் வந்துது. பேரு சொல்லிக் கூப்பிட முடியாது, ஆம்பளைங்க இருக்க இடத்துக்குப் போகவும் முடியாது. எனக்கு விளம்பின சோறு ஆறிக் கட்டியாப் போச்சு. புருஷன் உண்டு எழும்பாம பெண்டாட்டி எப்படிச் சோத்துல கை வைக்க? பசி வேற, கோவம் வேற. கண்ணுல தண்ணி வந்துட்டு. இப்படி ஒரு மரியாதைக்காரருக்கு வாக்கப்பட்டேனேன்னு மனசுக்குள்ள வைஞ்சு தீத்தேன்.

மணிமேடையில ரெண்டு அடிச்சுது.

அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல்ல. தட்டியைத் தள்ளிக்கிட்டு நேரா உள்ளே போய் அவருக்கு முன்னால நின்னேன். “எழும்புங்க”ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு பொம்பளை உள்ளே வந்து நிக்குகதைப் பார்த்ததும் அந்த வரிசையில இருந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் வெலவெலத்துப் போய் எழும்பிட்டாங்க. பாதி உண்டவன், உண்ணாதவன், மாட்டு வியாபாரி எல்லாரும். எங்க வீட்டுக்காரரு ரெண்டு பக்கமும் பார்த்தாரு. பந்தி எழும்பியாச்சு. நிம்மதியா இலையை மடக்கிட்டுக் கை கழுவப் போனாரு. அவரை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாமான்னு இருந்துது எனக்கு.

ஓட்டமும் நடையுமாப் போய்ச் சேந்தப்ப ரெண்டேகால். வராந்தாவுல ஒருத்தரும் இல்ல. பெரிய டீச்சரம்மா மேசையில காயிதத்தை எல்லாம் அடுக்கிக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆளை எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. ஏன் பிந்திச்சுன்னு கேட்டாங்க. வாசல்ல நின்ன இவரு, பெரிய ஆளுங்க முன்னால வாயே திறக்காத மனுஷன், துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு உள்ளே வந்தாரு.

“அம்மா, குத்தம் என் பேர்லதான். நான் உண்டு எழும்பத் தாமசம் ஆச்சு. இவ இன்னும் பச்சைத்தண்ணி குடிக்கல்ல.”

அந்த அம்மா அவரைப் பார்க்கல்ல. என்னைத்தான் பார்த்தாங்க. சர்ட்டிபிகேட் யாரு கையில இருந்துதுன்னு கேட்டாங்க. என் மடியிலதான்னேன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாதான்னு கேட்டாங்க. தெரியும்னேன். ரெண்டு வருஷம் தினமும் நடந்த ரோடு, கண்ணைக் கட்டி விட்டாலும் வந்திருப்பேன்.

“பிறகு நீங்க எதுக்கும்மா அங்கே இருந்தீங்க?”

ஓட்டல்ல இருந்து பத்து நிமிஷ நடை. பின்வாசல் எனக்குப் பக்கத்துலதான் திறந்து கிடந்துது. ஒன்றரை மணி நேரம் அந்த மனுஷனை வையத் தெரிஞ்ச எனக்கு, எழும்பி நடக்கத் தெரியல்ல. படிச்சவளாம், டிரெயினிங் பாசாம், தூ! திரும்பி வாற வழியெல்லாம் அவரு என்னமோ சமாதானம் சொல்லிக்கிட்டே வந்தாரு. அவருமேல இருந்த கோவம் எங்கே போச்சுன்னே தெரியல்ல. எல்லாம் என்மேலதான் திரும்பியிருந்துது.

அடுத்த வருஷம் அதே பள்ளிக்கூடத்துல இன்னொரு இடம் காலி ஆச்சு. மாமியாருகிட்ட நான் கேக்கல்ல. அவரு வயலுக்குப் போன பிறகு, வடிச்ச சோத்தை நானே போட்டு முதல்ல உண்டேன். கையைக் கழுவினேன். பையை எடுத்துக்கிட்டுப் போய் ஒத்தையில பஸ்சு ஏறினேன்.