முருகன் படத்தடியில் வைத்த டிக்கெட்

என் கணவர் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். கந்தசஷ்டி தொடங்கிய அன்று எங்கள் காரில் போகும்போது, சிவப்பு விளக்கில் நிற்காமல் திரும்பியதற்காகப் பொலிஸ் அவருக்கு அபராத டிக்கெட் கொடுத்தது. லைசென்சுக்கு ஏதும் வந்தால் வேலை போய்விடும். விரத நாளில் கோர்ட்டுக் கதை வேண்டாம் என்று அதை முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். விரதம் முடிந்தும் எடுக்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை கொடுத்தபோது ஐயர் காரணம் கேட்டார். சொன்னேன்.

"பதில் போட்டாச்சோ, அம்மா?"

"இல்லை ஐயா. முருகன் பாத்துக்கொள்ளுவார் எண்டு காலடியிலை வைச்சிருக்கிறன்."

"முருகனிட்டை வேல்தான் இருக்கு, லைசென்ஸ் இல்லை! பதில் போடாட்டி, விசாரிக்காமலே குற்றவாளி எண்டு பதிஞ்சுபோடுவினம். அர்ச்சனையை நான் செய்யிறன், நீங்கள் வீட்டை ஓடுங்கோ."

டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால், அன்றுதான் பதில் போடக் கடைசி நாள். கணவரும் நானும் கோர்ட் இணையத்தளத்தில் டிக்கெட் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். தீர்ப்பு எதுவும் பதியப்படவில்லை. உடனே அரச வழக்கறிஞரைச் சந்திக்க நேரம் கேட்டோம். சந்தித்தபோது அந்த வழக்கறிஞர் அதை லைசென்சைப் பாதிக்காத சிறிய குற்றமாகக் குறைத்தார். வேலை தப்பியது.

பூசை நேரத்திலும் என் வீட்டுக் கவலையைத் தன் கவலையாக எடுத்த அந்த ஐயரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இப்போது டிக்கெட்டோ கடிதமோ வந்தால், அன்றே பதில் போட்டுவிட்டுத்தான் அர்ச்சனைத் தட்டு எடுக்கிறேன்.