சந்தனப் பொட்டு வைத்த இசைத்தட்டுகள்

என்னிடம் இருக்கும் பதினோரு எல்.பி. இசைத்தட்டுகளிலும் சந்தனமும் குங்குமமும் வைத்த தடம் இருக்கிறது. "இதென்ன, பூஜை சாமானா?" என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எந்த ஆல்பத்தைக் கேட்கலாம் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் இந்தப் பதினொன்றிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பேன்.

அப்பா மேட்டூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். எழுபதுகளின் நடுவில் ஆபீசர் குடியிருப்பில் இருந்த ஓர் இன்ஜினியர் ஊரைக் காலி செய்தபோது, அவருடைய ரெக்கார்டு பிளேயரை அப்பா வாங்கி வந்தார். சினிமாப் பாட்டு கேட்கத்தான் வாங்கினார். கூடவே வந்த இங்கிலீஷ் தட்டுகளை அவர் சீண்டவே இல்லை. நான் சீண்டினேன். சேலத்தில் காலேஜ் முடித்துவிட்டு, மாப்பிள்ளை அமையும்வரை வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது.

முதலில் பிடித்துப்போனது 'சோல்' என்கிற பாட்டு வகையில் வந்த ஆல்பம். அட்டையில் மஞ்சள் கவுன் போட்ட கறுப்பினப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். சர்ச்சில் பாடிப் பழகிய குரல் என்று பின்அட்டையில் எழுதியிருந்தது. விட்டுப்போனவனைப் பார்த்து அவள் கத்துகிற கத்தலில் பாதி வார்த்தை எனக்குப் புரியாது. ஆனால் நியாயம் அவள் பக்கம்தான் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஜாஸ் அவ்வளவு சுலபமாகப் படியவில்லை. நீல அட்டை போட்ட டிரம்பெட் ஆல்பத்தை நாலு தடவை பாதியில் நிறுத்தினேன். ஐந்தாவது தடவை காய் நறுக்கிக்கொண்டே ஓடவிட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ஒருவர் வாசிக்கும்போது மற்ற நான்கு பேரும் அவருக்கு வழிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடக்காத காரியம். பாப் ஆல்பங்களில் ஒன்று நாலு இளைஞர்கள் சேர்ந்து பாடியது. அதில் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது கிளம்பிவிடும். அதைப் போட்டுவிட்டால் துணி துவைக்கிற வேலைகூடத் தெரியாது.

எனக்கு நாமக்கல் பக்கம் கல்யாணம் நிச்சயமானது. தோட்டத்துக்குள் வீடு, பக்கத்திலேயே இரண்டு கோழிக் கொட்டகை. சீர்வரிசைப் பட்டியல் போட்டபோது நான் ஒரே பிடியாக நின்றேன். பிளேயரும் தட்டுகளும் என்னோடு வர வேண்டும்.

"அங்க போயி கோழிக்கா பாட்டுப் போடப் போற?" என்று அம்மா கேட்டாள்.

அந்தத் தட்டுகள் இல்லாமல் போனால் நான் அங்கே வெறும் மருமகளாகத்தான் இருப்பேன், நானாக இருக்க மாட்டேன் என்று பயந்தேன். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அழுதேன். அப்பா ஒத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் சீரை மூடிவைக்கிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் குடம், அண்டா, பீரோ என்று எல்லாவற்றையும் பரப்பி வைப்பார்கள். சொந்தபந்தம் சுற்றி வந்து பார்க்கும். என் தட்டுகளையும் அட்டையிலிருந்து உருவித் தாம்பாளத்தில் அடுக்கியிருக்கிறார்கள். சீர் முதல் நாளே வண்டியில் போய்விட்டதால் நான் எதையும் பார்க்கவில்லை.

கல்யாணமான நாலாம் நாள் ஆசையாகப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் கவுன்காரியை உருவினால், பாட்டு ஓடுகிற வரிகளின் மேலேயே மூன்று சந்தனப் பொட்டுகள். அவற்றின்மேல் குங்குமம். காய்ந்து ஒட்டிப்போயிருந்தன. அடுத்த தட்டிலும் அப்படியே. பதினொன்றிலும் அப்படியே.

"ஆருங்க இதுக்குப் பொட்டு வெச்சது?" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வந்தேன். மாமியார் கோழித் தீவனம் சலித்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த பெண்களும் பக்கத்தில் இருந்தார்கள்.

"நாந்தான் கண்ணு வெச்சேன்," என்றார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

"இதென்ன ஆட்டாங்கல்லா, பொட்டு வெக்கறதுக்கு? ஒண்ணும் தெரியாட்டி கையை வெக்காம இருக்கோணும்ங்க அத்தை!"

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்காது. மாமியார் குனிந்து மறுபடி தீவனத்தைச் சலித்தார். சிரிப்பு மட்டும் போய்விட்டது. நான் பெட்டியைக் கட்டி, கூரையை ஒட்டிய அட்டாலியில் ஏற்றினேன். இந்த வீட்டில் இனிப் பாட்டு இல்லை என்று தலைமுழுகினேன்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் உப்பு, பால், தீவனம் தாண்டி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. கோழிகள் கத்தும், கிணற்று மோட்டார் ஓடும். அவ்வளவுதான் சங்கீதம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். இரண்டு பெண்களுக்கு நடுவே வாயைத் திறந்தால் வம்பு என்று தெரிந்தவர்.

ஆடி மாதம் என்னை அழைத்துப்போக அப்பா வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் அட்டாலியிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

"இதை மேட்டூர்லயே போட்டுட்டு வந்தர்றனுங்க," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"சீர் பரப்புன அன்னிக்கு எங்க பெரியத்தை வந்தாங்க புள்ள, எங்கப்பாவோட அக்கா. 'கல்யாண ஊட்டுல கருப்புக் கருப்பா இதென்னது? உள்ள சேக்காதீங்க, மாட்டுக் கொட்டாய்ல போடுங்க'ன்னாங்க. எல்லாரும் ஆமான்னுட்டாங்க. நானும் பேசாமத்தான் நின்னேன். அம்மாதான், 'அந்தப் புள்ள ஆசையாக் கொண்டாந்தத வெளிய போடறதாவது'ன்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சந்தனம் குங்குமம் வெச்சாங்க. 'இப்ப மங்கலமாயிருச்சு, உள்ள வரட்டும்'னாங்க."

"இத்தனை நாளா ஏனுங்க சொல்லுல?"

"நீயி எங்க கேட்ட?"

அந்த வீட்டில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் மாமியார்தான். அவரைத்தான் வேலையாட்கள் முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறேன்.

பெட்டியோடு அடுப்படிக்குப் போனேன். "அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க அத்தை," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சா சாமி? தண்ணி தொட்டுத் தொடைச்சாப் போவாதா?"

இருவரும் உட்கார்ந்து, பழைய பருத்திப் புடவைத் துணியை நனைத்து, சந்தனத்தை ஊறவைத்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். பெரும்பாலும் போய்விட்டது. மெல்லிய வரிகளுக்குள் இறங்கினது மட்டும் போகவே இல்லை.

மஞ்சள் கவுன்காரியைப் போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் டப், டப், டப் என்று மூன்று சத்தம் கேட்டது. ஆனால் ஊசி தாவவில்லை. அவள் பாட்டுக்குக் கத்தினாள். மாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இவ ஏன் இந்தக் கத்துக் கத்தறா?"

"புருசன் உட்டுட்டுப் போயிட்டானுங்க அத்தை."

"கத்தட்டும் உடு. உள்ளயே வெச்சுக்கிட்டா ஒடம்புக்கு ஆவாது."

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு மேட்டூருக்குப் போய் வந்தேன். திரும்பி வந்த ஒரு வாரத்தில் மாமியார் பதினொன்றையும் கேட்டு முடித்தார். நாலு பையன்களின் பாப் ஆல்பத்துக்கு, "பரவால்ல, ஒத்துமையாப் பாடறாங்க," என்று பாஸ் மார்க் போட்டார். டிரம்பெட்டைப் பற்றி, "முடியறாப்புல போயி முடிய மாட்டேங்குது," என்று குறைப்பட்டார். ஆனால் தீவனம் சலிக்க உட்காரும்போதெல்லாம் அதைத்தான் போடச் சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் பெரியத்தை வந்தார். டிரம்பெட் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "இந்தக் கருமத்தை இன்னுமா ஊட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க? நிறுத்துங்க மொதல்ல," என்றார்.

வீண் சண்டை எதற்கு என்று ஊசியைத் தூக்க எழுந்தேன். மாமியார் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இது எங்கூட்டு மருமவ சீருங்க நங்கையா," என்றார் தன் நாத்தனாரைப் பார்த்து. "கேக்கறதுன்னா உள்ள வாங்க."