பதினோரு மணிக் கேள்வி

சம்பங்கியை நல்ல பெண் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்த்துடுக்கு. என் வெற்றிலைக் கடையில் நின்றுகொண்டே என் பாக்கை மட்டம் என்பாள். ஆனால் அவளைப்போலக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படித்தவளை நான் பார்த்ததில்லை.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனிக்கு வந்தவள். மூன்று வருட ஒப்பந்தம். 2006 புரட்டாசியில் அது முடிந்தால் ஊருக்குப் போய்க் குடிகாரத் தாய்மாமனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் டிப்ளமோ முடித்தால் கம்பெனியிலேயே நிரந்தர வேலை. அதற்காகக் கிருஷ்ணகிரியில் ஒரு காலேஜில் சேர்ந்தாள். ஞாயிறு நேரில் வகுப்பு. மற்ற நாளில் பதினோரு மணிக்குச் செல்போனில் ஒரு கேள்வி. ஒன்றிலிருந்து நாலுவரை ஏதோ ஓர் எண்ணை ஒரு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தப்பாக இருந்தாலும் வருகை உண்டு. மொத்தத்தில் பத்து நாள் தவறிவிட்டால் பரீட்சை கிடையாது.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. கேட்டுக்கு எதிரே கடை போட்டிருக்கிற என்னிடம்தான் பெண்கள் போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தகரப் பெட்டியில் போட்டு வைப்பேன். எல்லாம் ஒரே கறுப்பு போன். அவரவர் ஓர் அடையாளம் கட்டியிருப்பார்கள். சம்பங்கியுடையதில் மஞ்சள் நூல்.

ஒன்பது நாள் தவறிய பிறகுதான் ஒரு வழி கண்டாள். கக்கூசுக்குப் போக ஒரு லைன் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டோக்கன், ஆளுக்கு ஆறு நிமிஷம். அந்தக் கக்கூஸ் ஜன்னல் பின்சந்தில் திறக்கும். அங்கிருந்து ஒயரை இறக்குவாள். போனை ஒரு சுருக்குப்பையில் போட்டுக் கட்டுவேன். மேலே இழுத்து, பதில் அனுப்பி, இறக்கிவிடுவாள்.

"ஆயா, நீயே அனுப்பிடலாம். மூணே பொத்தான். காட்டித்தரேன், கத்துக்க."

"போடி. கைநாட்டுக்கு எதுக்குடி பொத்தானு?"

இரண்டு மாதம் தப்பாமல் ஓடியது.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள். பெட்டிக்குள் ஒரு போன் கத்தியது. மஞ்சள் நூல் கையில் பட்டது, எடுத்துக்கொண்டு ஓடினேன். மேலே போனது. உடனே அவள் குரல்.

"ஆயா! இது ஜைபாவோடது!"

"மஞ்ச நூலு இருக்கேடி?"

"நேத்து நோம்புல மீந்த நூல அவளுக்கும் குடுத்தேன், போன்ல கட்டிக்கிட்டா. ஓடு ஆயா, ஓடு!"

ஓடினேன். என் முழங்காலுக்கு அது ஓட்டம். சரியான போனோடு திரும்பியபோது ஜன்னலில் ஆள் இல்லை. ஆறு நிமிஷம் தாண்டிவிட்டதென்று உள்ளே சூப்பர்வைசர் கத்துவது மட்டும் கேட்டது.

பக்கத்து ரீசார்ஜ் கடை நூர் முகமது இருந்தால் அனுப்பித் தந்திருப்பான்; அவன் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தான். கேட்டில் வாட்ச்மேன் முனிசாமியிடம் நீட்டினேன்.

"ஒரே ஒரு நம்பர அமுக்கி அனுப்புப்பா. எதுன்னாலும் சரி."

"லைன் பொண்ணுங்க போன தொட்டா என் சட்டைய உருவிடுவாங்க. போ கிழவி."

நானே அமுக்கினேன். வெளிச்சம் வந்தது, போனது, எழுத்தெல்லாம் மறைந்துபோனது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

சாயங்காலம் வந்து போனை வாங்கிப் பார்த்தாள். பரீட்சை இல்லை, அடுத்த வருஷம் வா என்று வந்திருந்ததாம்.

"திட்டுடி," என்றேன்.

"திட்டி என்ன ஆயா? நீதான் கத்துக்கலன்னா, நானாவது நூல மாத்திக் கட்டியிருக்கணும்."

 

காலேஜ் பட்டியலிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுநாளும் பதினோரு மணிக்குப் போன் கத்தியது. எடுத்துக்கொண்டு போய் ஜன்னலடியில் நின்றேன். ஒயர் இறங்கவில்லை.