வெள்ளை நாரையின் மூன்றாம் தளம்

நம்ப முடிந்தவர்கள் நம்புங்கள். முடியாதவர்கள் மேலே படிக்க வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. நான் முப்பத்தோரு வருஷம் செக் நாட்டு ஒஸ்ட்ராவா நகர டிராமில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவன். அறுநூறு வோல்ட் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றவன். ஒரு விளக்கு ஏன் எரிகிறது, ஏன் அணைகிறது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் 2019 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை மாலை 4.26 வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஓட்டா. எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தின் நிலவறையில், துணி உலர்த்துவதற்கென்று ஓர் அறை உண்டு. இப்போது யாரும் அங்கே துணி கொண்டுபோவதில்லை. நானும் என் சிநேகிதன் வில்லெம் ஹலாமாவும் அதை எங்கள் பட்டறையாக்கிக்கொண்டோம். வில்லெம் மரவேலைக்காரன். நான்கு டிராம் நிறுத்தம் தள்ளி வீடு. இருபது வருஷப் பழக்கம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு விண்கப்பல். பையன்களாக இருந்தபோது அவரவர் வீட்டில் தொலைக்காட்சித் தொடரில் பார்த்த ‘வெள்ளை நாரை’. நீளம் ஒன்றரை மீட்டர். நான்கு தளம், இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலும் அரை மில்லிமீட்டர் துளை. வெளிக்கூடும் துளைகளும் வில்லெம் பொறுப்பு. விளக்கு என் பொறுப்பு. ஒவ்வொரு துளையிலும் தலைமுடி மாதிரி ஓர் ஒளியிழையைச் சொருக வேண்டும். இழைகளின் மறுமுனைகளை ஒரு கட்டாகக் கட்டி, தளத்துக்கு ஒரே ஒரு எல்.இ.டி. அது எரிந்தால் அந்தத் தளம் முழுக்க எரியும். அணைந்தால் முழுக்க அணையும். ஒரு ஜன்னல் மட்டும் தனியாக அணைய வழியே கிடையாது.

“டேய், உன் விளக்கு ஒழுங்கா எரியுமா, இல்ல உன் டிராம் மாதிரி பாதி வழியில நின்னுடுமா?” என்பான் வில்லெம்.

“முதல்ல உன் கட்டையைக் கோணாம செதுக்கு. அப்புறம் என் விளக்கைப் பத்திப் பேசு” என்பேன்.

இப்படித்தான் இருந்தோம். அந்த வருஷம் பிப்ரவரி வரை.

பிப்ரவரியில் ஒரு காலை, மேசைமேல் ஒரு சீட்டு கிடந்தது. வில்லெமின் கையெழுத்து. நாங்கள் அளவு குறிக்கிற நோட்டிலிருந்து கிழித்த பாதித் தாள்.

‘உன் சால்டரிங் கம்பி என் கூட்டைச் சுட்டுடுச்சு. நான் இருக்கிறப்ப நீ வராத. திங்கள், புதன், வெள்ளி என்னுது. மிச்சம் உன்னுது.’

கூட்டைப் பார்த்தேன். வால் பக்கம் மிளகளவுக்குக் கருகியிருந்தது. நான் சுடவில்லை. அவனே சுட்டுவிட்டு என்மேல் போடுகிறான் என்று தோன்றியது. ஒரு போன் போட்டு, ‘என்னடா இது?’ என்று கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. எனக்கும் ரோஷம்.

அதன் பிறகு செவ்வாய், வியாழன், சனி மட்டும் போனேன். சீட்டுகள் நிற்கவில்லை. ‘குடிகாரன் இழுத்த கம்பி மாதிரி இருக்கு.’ ‘உன்கூட இருபது வருஷம் எப்படித்தான் பேசினேனோ.’ ‘உன் பொண்ணு ஏன் உன்னைப் பார்க்க வர்றதில்லைன்னு இப்பத்தான் புரியுது.’

அந்தக் கடைசிச் சீட்டைப் படித்தபிறகு, அவனை நினைத்தாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஒன்றையும் கிழித்துப்போடவில்லை. ஒரு நாள் அவன் முகத்தில் வீசுவதற்காக எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்தேன். நான் பதில் எழுதவில்லை. ஒரு எழுத்துகூட.

ஆனால் வேலை நடந்தது. நான் போகும் ஒவ்வொரு நாளும், புதிதாக ஏதாவது முடிந்திருக்கும். பட்டி போட்ட இடம் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி மாதிரி இருக்கும். அவ்வளவு சுத்தமாக வில்லெம் முன்பு செய்ததே இல்லை. பகையில்தான் இவனுக்குக் கை வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 28, வியாழன். காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். மேசையில் முந்தின நாள் தேதியோடு ஒரு சீட்டு. ‘மூணாம் தளம் துளை போட்டாச்சு. உன் கையால கெடுத்துடாத.’ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

9.10க்கு லிஃப்டில் திருமதி பெர்னாட்டோவா ஏறினாள். எங்கள் கட்டடத்துச் சாவிகளெல்லாம் அவள் பொறுப்பு. யாரைப் பார்த்தாலும் ஒரு குறை வைத்திருப்பாள்.

“சாவுக்குக்கூட நீங்க போகலையாமே?”

“யார் சாவு?”

“நல்லா கேட்டீங்க. ஹலாமா சாவுதான். பேக்கரிக் கதவுல சாவு அறிவிப்பு படத்தோட ஒட்டியிருந்தாங்களே. பதினொண்ணாம் தேதி போயிட்டார். அழகான சிநேகிதம் சார் உங்களுது.”

லிஃப்ட் நின்றது. அவள் இறங்கிப் போனாள். நான் இறங்கவில்லை. என் சட்டைப்பையில் நவம்பர் 27 என்று தேதி போட்ட சீட்டு இருந்தது...

அன்று முழுக்க யோசித்தேன். ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது. வில்லெமின் மகன் ஹினெக். நாற்பது வயது. அப்பன் சாவியை வைத்துக்கொண்டு, அப்பன் கையெழுத்தில் எழுதி, என்னோடு விளையாடுகிறான். அப்பன் செத்ததைக்கூடச் சொல்லாமல்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவர்கள் நாள். வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை 4.20. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. நிலவறைக்கு இறங்கினேன். அங்கே நடைபாதையில் ஆறு விளக்குகள். ஆள் நடந்தால் தானாக எரியும், ஆள் போனதும் அணையும். எனக்கு ஒவ்வொன்றாக எரிந்தன. ஆறாவது விளக்குக்கு எதிரே எங்கள் கதவு. பூட்டியிருந்தது. திறந்து உள்ளே போய், கதவைச் சாத்தி, சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்தேன். விளக்குப் போடவில்லை. அவன் வரும்போது இருட்டாக இருக்க வேண்டும்.

4.26.

கப்பல் எரிந்தது.

நான்கு தளமும் இல்லை. மூன்றாம் தளம் மட்டும். ஐம்பத்து நான்கு ஜன்னல், மெல்லிய மஞ்சள் வெளிச்சம்.

மூன்றாம் தளத்துக்கு நான் இன்னும் ஓர் இழைகூடச் சொருகவில்லை.

எங்கோ கம்பி உரசுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பழக்க தோஷம். பிறகு கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கப்பல் விளக்குகளுக்கான அடாப்டர் அங்கேதான் இருந்தது. வில்லெமை நம்பாமல், தினமும் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போவது என் வழக்கம்.

கப்பலுக்கு மின்சாரமே இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வால் பக்கத்திலிருந்து முதல் ஜன்னல் மங்கியது. மறுபடி எரிந்தது. அடுத்தது மங்கியது. எரிந்தது. அடுத்தது...

உங்களுக்குப் புரிகிறதா? இரவில் ரயில் பெட்டிக்குள் ஒருவர் நடந்து போனால், வெளியே நிற்பவருக்கு ஜன்னல்கள் எப்படி மறைந்து மறைந்து தெரியுமோ, அப்படி.

உள்ளே யாரோ நடக்கிறார்கள்.

மெதுவாக. அவசரமில்லாமல். வாலிலிருந்து மூக்குக்கு. பிறகு மூக்கிலிருந்து வாலுக்கு.

4.31. சத்தம் கேட்டது.

ஸ்ர்ர்... ஸ்ர்ர்... ஸ்ர்ர்...

உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். கப்பலுக்குள்ளிருந்து.

“ஹினெக்?” என்றேன்.

சத்தம் நின்றது. ஜன்னல்கள் மறுபடி மங்க ஆரம்பித்தன. இந்தத் தடவை வேகமாக. என் பக்கமாக.

எனக்கு நேர் எதிரே இருந்த ஜன்னல் இருண்டது.

இருண்டபடியே நின்றது.

அது என்னைப் பார்க்கிறது என்று எப்படித் தெரிந்தது? தெரியாது.

அப்புறம் எல்லா ஜன்னலும் அணைந்தன.

இருட்டு.

என் மூச்சு மட்டும்...

மேசைமேல், என் கைக்கு எட்டுகிற தூரத்தில், பென்சில் எழுதுகிற சத்தம்.

கர்ர்... கர்ர்... கர்ர்.

நிதானமாக. ஒரு வரி. இன்னொரு வரி.

பிறகு தாள் கிழிகிற சத்தம்.

நான் எழுந்தேன். முக்காலி விழுந்தது. கதவு கிடைத்தது. நடைபாதைக்கு ஓடினேன்.

நடைபாதை இருட்டாக இருந்தது.

ஆறு விளக்கில் ஒன்றுகூட எனக்கு எரியவில்லை. கையை ஆட்டினேன். எரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஓடினேன். பாதி தூரம் போயிருப்பேன்...

டக்.

என் பின்னால், கதவுக்கு எதிரே இருக்கும் விளக்கு எரிந்தது.

டக். அடுத்தது.

எனக்கு எரியாத விளக்கு, எனக்குப் பின்னால் எரிந்தது.

டக்.

திரும்பவில்லை.

டக்.

படியில் கால் வைத்தேன்.

எப்படி ஐந்தாம் மாடிக்கு ஏறினேன் என்று தெரியவில்லை. வீட்டுக் கடிகாரத்தில் 4.44. கோட்டைக் கழற்றினேன். அடாப்டரை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

அடாப்டரோடு ஒரு பாதித் தாளும் வந்தது. இன்றைய தேதி. வில்லெமின் கையெழுத்து.

‘வெள்ளிக்கிழமை உன்னுது இல்ல.’

மறுநாளே சாவியைத் திருமதி பெர்னாட்டோவாவிடம் கொடுத்துவிட்டேன். கப்பல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எத்தனை தளம் முடிந்திருக்கிறதோ, நான் கேட்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய். மாலை 5.15. என் வீட்டுக் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் ஹினெக். கையில் ஒரு செருப்புப் பெட்டி. என்னைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தான்.

“உங்களை மாமான்னு கூப்பிட்டேன் பாருங்க. என்னைச் செருப்பால அடிக்கணும்.”

“ஹினெக், உக்காரு.”

“உக்கார வரல. செத்த மனுஷனைக்கூட விட மாட்டீங்களா?”

பெட்டியை அடுக்களை மேசையில் கவிழ்த்தான். பாதித் தாள்கள். குவியலாக. ஒன்றை எடுத்தேன். ‘உன் கை நடுங்குது வில்லெம். வீட்டுல படு. உன் பொண்டாட்டி உன்கிட்டேயிருந்து தப்பிக்கத்தான் செத்தா.’

என் கையெழுத்து. இடது பக்கம் சாய்த்து எழுதுகிற, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் மாறாத என் கையெழுத்து.

“இதை நான் எழுதலடா” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. எழுந்துபோய் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து அவன் முன்னால் கொட்டினேன். “அப்ப இதை யார் எழுதினா?”

அவன் ஒவ்வொன்றாகப் படித்தான்.

“அப்பா எழுத்துதான்... ஆனா மாமா, ஜூலைல அவருக்கு வலது கை விழுந்துபோச்சு. பக்கவாதம். கரண்டியைக்கூட நான்தான் புடிச்சேன். அதுக்கப்புறம் அவர் இந்தப் பக்கமே வரல. உங்க சீட்டு எல்லாம் வீட்டுத் தபால் பெட்டியில வந்து விழும். ஒவ்வொண்ணையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவார்.”

ஜூலையிலிருந்து நவம்பர் வரை கூட்டைத் தேய்த்தது யார்? நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தேதிவாரியாக அடுக்கினோம். வில்லெமுக்கு வந்த பிப்ரவரி 22, எனக்கு வந்த பிப்ரவரி 22. அவனுடைய மார்ச் 6, என்னுடைய மார்ச் 6. ஹினெக்தான் முதலில் கவனித்தான். இரண்டு துண்டுகளை நகர்த்தி ஒன்றோடு ஒன்று சேர்த்தான். கிழிந்த ஓரம், பல்லுக்குப் பல் பொருந்தியது.

ஒரே தாள். பாதி எனக்கு. பாதி வில்லெமுக்கு.

எல்லாமே பொருந்தின. முப்பத்தாறு ஜோடி. வில்லெம் இறந்தபிறகு எனக்கு வந்த மூன்றுக்கு மட்டும் ஜோடி இல்லை.

ஹினெக் தன் கோட்டுப் பையிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்து வைத்தான்.

“இது எனக்கு வந்தது. அடக்கத்துக்கு அப்புறம். இதைப் படிச்சுட்டுத்தான் உங்களை அடிக்க வந்தேன்.”

‘உங்கப்பன் போனது நல்லதாப் போச்சு. இனிமே வேலை சுத்தமா நடக்கும்.’ என் எழுத்து.

பொருத்தினோம். முதல் இரண்டும் பொருந்தின. மூன்றாவது, நவம்பர் 29. என் பையில் வந்ததன் மறுபாதி. அதன் இடது ஓரம் என்னுடையதோடு பொருந்தியது.

வலது ஓரமும் கிழிந்திருந்தது.

அந்தத் தாளில் இன்னொரு துண்டு இருந்திருக்கிறது.

ஹினெக் அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

“மாமா... ஈவெட்டா சனிக்கிழமையிலேர்ந்து என்கூடப் பேசல.”

ஈவெட்டா அவன் மனைவி.

“ஏன்?”

“கேட்டேன். ‘நீ எழுதி வச்சதைப் படிச்சேன்’னு மட்டும் சொல்றா.”

என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“நான் அவளுக்கு எதுவுமே எழுதல, மாமா.”